வன்னிக்கும் கடல் உண்டு

வெள்ளி: மாந்தை, அரிப்பு

வன்னி என்றதும் காடும் குளமும் வயலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வவுனியாவில் பிறந்து வளர்ந்த எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான். ஆனால் வன்னிக்கு இரண்டு பக்கமும் கடல் இருக்கிறது. கிழக்கே கொக்கிளாயில் தொடங்கி நாயாறு, அளம்பில், முல்லைத்தீவு, மாத்தளன், சாலை என்று நீளும் திறந்த கடல். மேற்கே பூநகரியிலிருந்து நாச்சிக்குடா, விடத்தல்தீவு, மாந்தை என்று இறங்கி அரிப்பு வரை போகும் கடல். இந்த இரண்டு கரையிலும் தோணி கட்டியவர்களும் ஓட்டியவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பண்டாரவன்னியனைப் பற்றியும் வன்னி யானைகளைப் பற்றியும் எழுதிய நாம் இவர்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

பங்குனி, வாடை என்கிற வடகீழ்க் காற்று ஓய்ந்து, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று இன்னும் பிறக்காத காலம். இரண்டு கடலும் ஒருசேர அடங்கியிருக்கும். அதனால்தான் இந்தக் கிழமையைத் தெரிந்தெடுத்தேன். அன்றன்று கண்டதை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

மன்னார் பஸ்ஸில் வந்து திருக்கேதீச்சரச் சந்தியில் இறங்கினேன். பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துக் கோயிலைச் சுற்றி வந்தால், இங்கே ஒரு துறைமுகம் இருந்தது என்பதை நம்புவது கடினம். கடல் தள்ளிப் போய்விட்டது. உப்பு வெளியும் முட்பற்றையும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் மாதோட்டம் என்றும் சொல்லப்படும் இந்த மாந்தை அனுராதபுர காலத்தில் இலங்கையின் தலைவாசல். மரக்கலங்கள் மலிந்த கடல் என்று சுந்தரர் இதைப் பாடினார். 1980களின் முற்பகுதியில் ஜோன் காஸ்வெல் தலைமையில் மாந்தை மேட்டை அகழ்ந்தபோது சீனக் கலங்களின் உடைசல்களும் பாரசீகப் பக்கத்து மெருகிட்ட ஓடுகளும் ஒரே மண்ணிலிருந்து கிளம்பின. கிழக்கே இருந்து வந்தவனும் மேற்கே இருந்து வந்தவனும் சரக்கு மாற்றிக்கொண்ட இடம் இது. 11ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு துறை ஒடுங்கியது. பின்னர் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தார்கள். 1872இல் ஆறுமுக நாவலர் அறிக்கை விட்டு, இதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று கேட்ட பிறகுதான் ஊர் விழித்தது.

இந்த மேட்டில் நிற்கும்போது என் மனதில் ஓடியது ஒன்றுதான். இத்தனை கலங்கள் வந்து போன துறையில் ஓட்டை அடைக்கவும் பலகை மாற்றவும் ஆட்கள் வேண்டும். அந்தத் தச்சர் உள்ளூரில்தானே இருந்திருப்பார்கள்? மரத்துக்கு அவர்கள் எங்கே போயிருப்பார்கள்? கிழக்கே திரும்பினால் காடு.

பின்னேரம் வங்காலை வழியாக அரிப்புக்குப் போனேன். ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையின் மிச்சம் கடல் விளிம்பில் நிற்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் அலை அடியை அரித்துக்கொண்டு போகிறது. முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, மேற்பார்வை செய்யக் கட்டிய வீடு இது. சலாபம் கூடினால் பக்கத்து மரிச்சுக்கட்டியில் ஒரு நகரமே ஓலையாலும் தடியாலும் எழும்பும். யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி, அரேபியக் கரை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தோணிகளும் குளியாட்களும் வந்து சேர்வார்கள். காலில் கல்லைக் கட்டி மூச்சை அடக்கிக் கீழே போவான் குளியாள். மேலே ஒருவன் கயிற்றில் கை வைத்தபடி இருப்பான். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடல்கட்டி இல்லாமல் எந்தத் தோணியும் புறப்படாது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு.

1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேல் சிப்பி வாரினார்கள். அடுத்த ஆண்டே முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான முத்துப் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது அரசு. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வெறுமையாகின. 1925க்குப் பிறகு பெரிய சலாபம் எதுவும் நடக்கவில்லை. கடலை ஒரேயடியாக வாரினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் கரையில் நூறு வருடத்துக்கு முந்திய சாட்சி இது. நாளை மறுநாள் போகப்போகிற இடத்தில் இதைத் திரும்பவும் நினைக்க வேண்டிவரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சனி: நாச்சிக்குடா

இன்று எழுத நிறைய இருக்கிறது.

காலையில் மன்னாரிலிருந்து ஏ32 வீதியால் யாழ்ப்பாண பஸ். விடத்தல்தீவுக்குக் கிட்டக் கண்டல் காடு பச்சையாக நிற்கிறது. பாலியாறு, வெள்ளாங்குளம் தாண்டி முழங்காவிலில் மாமி வீட்டில் பையை வைத்துவிட்டு, மச்சானின் மோட்டார் சைக்கிளில் கரைக்கு வந்தோம்.

நாச்சிக்குடாவில் தமிழரும் முஸ்லிம்களும் பக்கம் பக்கமாகத் தொழில் செய்கிறார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் திரும்பி வந்து வலை போடுகிறவர்கள் உண்டு. கரையில் ஏற்றி வைத்திருக்கும் போட்டுகள் எல்லாம் பைபர். நீலம், வெள்ளை, மஞ்சள். அணியத்தில் அந்தோனியார், வேளாங்கண்ணி மாதா, சிலவற்றில் பிள்ளைகளின் பெயர்கள்.

அந்த வரிசையின் கடைசியில் கிடுகுக் கொட்டில். அதற்குள் ஒரு பைபர் போட்டைக் கவிழ்த்துப் போட்டு, வெடித்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார் ஓர் ஓடாவி, வள்ளம் கட்டும் தச்சர். எழுபத்தைந்து தாண்டியிருக்கும். மச்சான் அவரை அப்பு என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"பிள்ளை ஆற்ற மகள்?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேலையில் கண்ணாக இருந்தார். வெடித்த இடத்தைச் சுற்றி விரல் மொழியால் தட்டித் தட்டிக் கேட்டார், தேங்காயை வாங்கமுன் தட்டிப் பார்ப்பது போல. சத்தம் மாறுகிற இடம் வரைக்கும் பென்சிலால் கோடு. அந்தக் கோட்டுக்குள் உள்ளது எல்லாம் வெட்டுப்படும். பிறகு உரசித் தூசு தட்டி, கண்ணாடி நாரில் செய்த மட்டைத் துண்டு துண்டாக வைத்து, ரெசினோடு ஹாட்னர் கலந்து தூரிகையால் ஒற்றினார். மணம் மூக்கைப் பிடுங்கியது. கலந்த சாமான் இறுகுவதற்குள் முடிக்கவேண்டும் என்பதால் அந்த நேரம் அவரோடு யாரும் கதைக்கவில்லை.

கை கழுவிவிட்டுத் தேத்தண்ணியோடு வந்து இருந்த பிறகுதான் பேச்சு வந்தது. நான் வள்ளம் கட்டுவதைப் பற்றிக் கேட்டேன். கடற்கரையைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தால் காட்டைப் பற்றித் தொடங்கினார்.

"வள்ளத்தின்ர பாதி வேலை காட்டிலதான் பிள்ளை. நேர் மரம் ஆரும் தேடுவான். எங்களுக்குக் கோணல் மரம் வேணும்."

வள்ளத்துக்கு அடியில் முதலில் இடுவது ஏரா. நீளமான, வைரம் பாய்ந்த ஒற்றை மரம். அதன் முன் முனையில் அணியத்துக்கு ஒரு மரம், பின் முனையில் கடையாருக்கு ஒரு மரம். மூன்றும் பொருந்தி நின்றால் வள்ளத்தின் வடிவம் வந்துவிடும். பிறகு பக்கப் பலகைகள். நனைத்து, நெருப்பில் வாட்டி, கயிறு போட்டு இறுக்கி வளைப்பார்கள். உள்ளே விலா எலும்பு போல நிற்கிற வங்குகளுக்குத்தான் கோணல் மரம். வெட்டி வளைத்த மரம் அலை அடிக்கப் பிளக்கும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கொப்பு பிளக்காது. அதனால் வேம்பு, பூவரசு என்று மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்களாம். கொப்பு பிரிகிற இடத்தில் சரியான வளைவு கண்டால் அந்த மரத்தில் அடையாளம் போட்டுவிட்டு வருவது. படம் கிடையாது, காகிதம் கிடையாது. முழம், சாண், விரல். மற்றது கண்.

எழும்பிப் போய் உரச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து அவிழ்த்தார். வாய்ச்சி, இழைப்புளி, துளை போடும் தமர். அவற்றோடு நுனி மழுங்கிய உளி ஒன்று. வெட்டுவதற்கான உளி இல்லை அது. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள நீக்கலில் பஞ்சுத் திரியை வைத்து இந்த உளியால் அடித்து இறக்குவார்கள். அதன் மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் தண்ணீர் போகாது. இதுதான் கலப்பற்று. அந்த உளியின் தலை சுத்தியல் அடி வாங்கி வாங்கி விரிந்து ஓரமெல்லாம் சுருண்டு கிடந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன். பிடி தேய்ந்த இடத்தில் என் விரல்கள் பொருந்தவில்லை. அவருடைய தகப்பனின் உளியாம்.

கலப்பற்று முடிந்ததும் வள்ளத்தைக் கடலில் இறக்க மாட்டார்கள். தரையில் வைத்தபடி உள்ளே தண்ணீர் நிரப்புவார்கள். எங்கே கசிகிறதோ அங்கே திரும்பவும் உளி. கடைசியில் சுறா எண்ணெய் பூசி, சுவாமியார் வந்து மந்திரித்து, தேங்காய் உடைத்து இறக்குவது.

எப்போது கடைசியாக ஒரு வள்ளம் கட்டினீர்கள் என்று கேட்டதற்கு விரல் மடித்து எண்ணிப் பார்த்து, "சண்டைக்கு முந்தி" என்றார். எந்தச் சண்டைக்கு என்று நான் கேட்கவில்லை.

பைபர் போட் வந்தது திடீரென்று இல்லை. 1960களின் பிற்பகுதியிலேயே நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் தளம் அமைந்து கண்ணாடியிழைப் படகு செய்யத் தொடங்கியது. மரத்துக்கும் பைபருக்கும் நெடுநாள் போட்டி இருந்தது. 2009க்குப் பிறகு எல்லாம் இழந்து மீள்குடியேறியவர்களுக்கு நிவாரணமாக வந்தவை பைபர் போட்டுகள். அச்சில் வார்த்த, ஒரே அளவான 18 அடிப் போட்டுகள். அவை இல்லாவிட்டால் அந்த மக்கள் அன்று கடலுக்கே போயிருக்க முடியாது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அச்சில் ஓடாவிக்கு இடமில்லை. காட்டுக்குள் போய் மரம் தறிக்கவும் இன்று வழியில்லை. வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், மரத்துக்குக் கொடுக்கும் விலையில் அரைவாசிப் போட் வாங்கிவிடலாம். போட்டின் பின்புறத்தில் எஞ்சின் பூட்டுகிற பலகை மட்டும் இன்னும் மரம். அதை அப்புவிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

"பைபர் நல்லது பிள்ளை, ஊறாது, பாரமில்லை" என்று அவரே சொன்னார். குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த அளவுகளை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை முழ ஏராவுக்கு எத்தனை வங்கு, அணியம் எவ்வளவு சாய்வு, இவையெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தபடியே என் கொப்பியில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் ஓடாவி ஒருவர் உயிரோடு இருந்தால் தயவுசெய்து கொப்பியோடு போங்கள். இந்த வருடமே போங்கள்.

ஞாயிறு: இரணைதீவு

கத்தோலிக்கக் கரையில் ஞாயிற்றுக்கிழமை தொழில் இல்லை. காலைப் பூசை முடிந்து இரணைமாதா நகரிலிருந்து குடும்பம் ஒன்று தீவுக்குப் புறப்பட்டது. மாமியின் அறிமுகத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. போட்டில் பாண், சீனி, மண்ணெண்ணெய்க் கான், இரண்டு கோழிக்குஞ்சு, மூன்று சின்னப் பிள்ளைகள்.

கடல் ஆழமே இல்லை. வெகுதூரம் வரை அடியில் கடற்புல் தெரிந்தது. கடற்பசு மேய்கிற புல் இது. ஓட்டியவரை எல்லோரும் அண்ணை என்றார்கள். எஞ்சினை அடிக்கடி தூக்கிப் பிடித்து மேட்டுக்கு விலகி ஓட்டினார். கரையில் எந்தப் பனையும் எந்தக் கோயில் முடியும் ஒரே கோட்டில் வந்தால் வாய்க்கால் சரி என்று எனக்குக் காட்டினார். கையில் ஜிபிஎஸ் இருந்தது. அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரணைதீவு பெரியதீவு, சின்னத்தீவு என்று இரண்டு துண்டு. 1992இல் போர் இந்த மக்களைக் கரைக்கு விரட்டியது. போர் முடிந்தும் தீவு கடற்படையிடம் இருந்தது. 2017 மே 1ஆம் நாள் இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினார்கள். பெண்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வருடம் போல ஆகியும் பதில் வராததால், 2018 ஏப்பிரல் 23ஆம் நாள் வெள்ளைக் கொடி கட்டிய போட்டுகளில் எல்லோரும் புறப்பட்டு நேரே தீவுக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகுதான் அனுமதி வந்தது. ஈழத்துக் கடலோடிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வல்வெட்டித்துறையிலிருந்து ஓடி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரரைச் சேர்ந்த அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலைப் பெருமையாக எழுதுகிறார்கள். பெருமைக்குரியதுதான். இந்த ஒரு மணி நேர ஓட்டத்தையும் அந்தப் பக்கத்தில் எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

கூரையில்லாச் சுவர்கள், அவற்றின் பக்கத்தில் தகரக் கொட்டில்கள், செபமாலை மாதா கோயில், நல்ல தண்ணீர்க் கிணறு. வீட்டுக்கார அம்மா தன் பழைய வீட்டின் குந்தில் என்னை இருத்தி, குசினி எங்கே, சாமி அறை எங்கே என்று வெறும் நிலத்தில் கை காட்டினார். வற்று நேரத்தில் பெண்கள் நடந்து போய் நண்டும் சங்கும் மட்டியும் எடுத்த காலத்தைச் சொன்னார். "ஆம்பிளையள் கடலுக்குப் போகாட்டிலும் அடுப்பு எரியும் பிள்ளை. இஞ்ச கடல் எங்களுக்கும்தான்." கரையில் இருந்த இருபத்தைந்து வருடத்தில் அவரால் தாங்க முடியாமல் இருந்தது இதுதானாம், கடலுக்குப் போகத் தெரிந்தும் சும்மா இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கரையில் என்பதால் இன்னமும் குடும்பம் இரண்டாகப் பிரிந்துதான் வாழ்கிறது.

மத்தியானம் நண்டுக்கறியும் சோறும். தீவுச் சமையலில் புளி குறைவு, மிளகு கூட.

இருட்டும் வரை இருந்திருந்தால் மேற்கே இந்திய இழுவைப் படகுகளின் வெளிச்சத்தைக் காட்டியிருப்பேன் என்றார் அண்ணை. திங்கள், புதன், சனி இரவுகளில் வருகிறார்கள். இவர்கள் நண்டு வலையைப் படுக்கவைத்துவிட்டு வந்தால், காலையில் வலையும் இல்லை, நண்டும் இல்லை. இழுவைமடி கடலடியைச் சுரண்டிப் புல்லையும் குஞ்சையும் சேர்த்து அள்ளுகிறது. இலங்கையில் 2017இலேயே இதைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டார்கள். அந்தக் கரையில் இருப்பவர்களும் நம் மொழி பேசுகிறவர்கள், பசியால் வருகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தொழில்முறையை நியாயப்படுத்த என்னால் முடியாது. அரிப்பில் முத்துப் பார்கள் போன வழி இங்கே நண்டுக்கும் கடலட்டைக்கும் வரக்கூடாது.

திங்கள்: வழியில்

பூநகரி, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு. மூன்று பஸ். மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு வன்னியைக் குறுக்கே வெட்டிப் போகிற வழி. முன்னொரு காலத்தில் சோளகம் பிறந்து மேற்குக் கடல் குழம்பினால் தொழிலாளர்கள் கூட்டமாகக் கிழக்கே வந்து, வாடி என்கிற கரையோரக் கொட்டில் அடித்து, வாடை தொடங்கத் திரும்புவார்கள். இதை வலசை என்பார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வலைப் பொதியோடு அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆன நாளை அவர் திகதியோடு சொன்னார். அந்த மாதம் அவருடைய எஞ்சின் திண்ணையில் கிடந்ததாம்.

செவ்வாய்: சிலாவத்தை

விடியப்புறம் கரைவலை பார்க்கப் போனேன். கிழக்குக் கடல் வேறு கடல். கரை உடனே ஆழமாகிறது, அலை மடங்கி விழுகிறது. இங்கே மேட்டுக்கு விலகுகிற பேச்சில்லை. அலையை உடைத்துக்கொண்டு வெளியே போகவேண்டும்.

ஒரு கயிற்றின் தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வெளியே போனது. அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு வந்து மறு கயிற்றைக் கரையில் இன்னொரு இடத்தில் சேர்த்தது. வலையின் நடுவில் மடி. கரையில் நின்று வலை இழுப்பை நடத்தும் மண்டாடி ஒரு சாரத் துணியை வீசிக் காட்டினார். வலப்பக்கம் இழுவை கூடிவிட்டதாம், இடப்பக்கம் பிடிக்க வேண்டுமாம். கண்ணுக்கு எட்டிய தூரம் நான் பார்த்தது வெறும் தண்ணீர். அவர் பார்த்தது தண்ணீரின் நிறம்.

இந்தக் கரையில் ஒவ்வொரு கரைவலைக்கும் ஒரு பாடு உண்டு. எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரைக்கும் யாருடையது என்பது தலைமுறையாக வருகிற உரிமை. சம்மாட்டியார் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். செலவு போக வருவதைப் பங்கு பிரிப்பார்கள். முன்பு கயிற்றுக்கு இருபது முப்பது பேர் நின்று, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ சொல்லி அம்பா பாடி இழுப்பார்கள். இப்போது பல பாடுகளில் ரக்ரரில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். சிலாவத்தையில் நான் பார்த்த வலையை ஆட்கள்தான் இழுத்தார்கள். பாட்டு இல்லை. ஆனால் கால்கள் ஒன்றாகப் பின்வைத்தன, கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடித்தார். அந்த ஒழுங்கு பிசகவே இல்லை.

மடி கரையேறியபோது கீரியும் சூடையும் வெள்ளியாகத் துள்ளின. நடுவில் நாலைந்து பாரை. ஒரு பெரியவர் சொன்னார்: "வின்சில இழுத்தா மீன் வரும் பிள்ளை, ஆனா முப்பது வீட்டுக்குப் போறது மூண்டு வீட்டுக்குப் போகும்." ரக்ரர் சில்லு கரையைக் கிண்டுவதும், இழுவை வேகத்தில் குஞ்சு மீன் நசிவதும் வேறு. இந்த வாதம் கரையில் இன்னும் ஓயவில்லை. நான் பெரியவர் பக்கம்.

அம்பா தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். வாடிக்குள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார்கள். முதலில் வெட்கப்பட்டார். கயிறு கையில் இல்லாமல் வராது என்றார். நான் வலைக்கயிற்றின் ஒரு துண்டைத் தூணில் கட்டி மறு தலைப்பைக் கொடுத்தேன். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்ததும் குரல் தானாக வந்தது. மாதாவும் முருகனும் கண்ணகியும் ஒரே பாட்டில் வந்தார்கள். ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. அவர் அனுமதி தந்த பிறகே வெளியிடுவேன்.

புதன்: வட்டுவாகல், வற்றாப்பளை

வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாகத்தான் போகும். ஒரு பக்கம் நந்திக்கடல் என்கிற களப்பு, மறுபக்கம் திறந்த கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கானோர் இறந்துபோனார்கள். கரையோரக் கிராமங்களில் வள்ளம், வலை, வாடி எதுவும் மிஞ்சவில்லை. நாலரை வருடத்துக்குள் 2009. இந்த ஒடுங்கிய நிலத்தில் அடைபட்டவர்களில் காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் ஏற்றிப் போனது. கப்பலால் கரைக்கு வர முடியாது. புதுமாத்தளனிலிருந்து அந்தக் கப்பல் வரை அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மீன்பிடிப் படகுகள். அப்படிப் பல ஆயிரம் பேர் உயிர் பிழைத்தார்கள். அந்தப் படகுகளை ஓட்டியவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

முள்ளிவாய்க்கால் கரையில் பல வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த ஃபாரா 3 கப்பலைப் பார்க்க ஒருகாலத்தில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். 2006 டிசம்பரில் எஞ்சின் பழுதாகி அரிசியோடு கரையொதுங்கிய ஜோர்தானியக் கப்பல் அது. இந்தக் கரையின் கப்பல் கதை என்றால் வெளியாருக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மத்தியானம் வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில். நந்திக்கடல் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. பங்குனித் திங்களுக்கு நேர்த்திப் பொங்கல் வைக்க வந்தவர்கள் இன்னும் சிலர் மர நிழலில் இருந்தார்கள். வைகாசிப் பொங்கலின் வழமையை அவர்களில் ஓர் அம்மா எனக்கு நிதானமாகச் சொன்னார். முதலில் பாக்குத் தெண்டல் என்ற தொடக்கச் சடங்கு. பிறகு ஒரு திங்கட்கிழமை சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்கு, நேற்று நான் கரைவலை பார்த்த அதே கடலுக்கு, ஊர்வலமாகப் போய்க் கடல்நீரைக் குடத்தில் எடுப்பார்கள். அந்த உப்புத்தண்ணீர் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குப் போகும். அங்கே ஏழு நாள் அந்தத் தண்ணீரில் விளக்கு எரியும். ஞாயிறு அங்கே பொங்கல், திங்கள் இங்கே. வயல்காரர் அரிசி கொண்டுவருவார்கள், கடற்கரையார் தீர்த்தத்துக்கு வழி விடுவார்கள்.

"நீங்கள் கண்டிருக்கிறீங்களோ அம்மா, விளக்கை?"

"சின்னனில இருந்து காணுறன். இடம்பெயர்ந்து இருந்த வருசம்தான் காணேல்ல."

போக நினைப்பவர்களுக்கு: பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வரும். பெரும்பாலானோர் அன்றைக்கு மட்டும் வந்து திரும்பிவிடுகிறார்கள். ஒரு கிழமை முந்தி வரும் தீர்த்தமெடுப்புக்கும் வாருங்கள். முல்லைத்தீவு பஸ் நிலையத்திலிருந்து சிலாவத்தை கிட்ட, ஓட்டோவில் போகலாம். விடிய வெள்ளன வந்தால் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். கயிற்றில் கை வைக்கச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வையுங்கள்.